யானைப்படையும் பாக்கியத்தின் வயலும்

வனவிலங்குத் திணைக்களத்தில் புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைமாருக்கு,

உங்கள் பயிற்சி வகுப்பில் வந்து பேசச் சொன்னார்கள். நின்று பேச முழங்கால் விடவில்லை. இருந்து பேசினால் பொழுது சாயும்வரை கதை அளப்பேன் என்று என் மனைவிக்குப் பயம். ஆகையால் எழுதித் தருகிறேன். யானையின் எடை, வயது, மயக்க மருந்தின் அளவு எல்லாம் உங்களுக்கு வகுப்பில் சொல்லித் தருவார்கள். நான் அந்தப் பக்கமே போகவில்லை. கையில் சத்தத்தால் விரட்டும் யானை வெடி, முன்னால் யானை, முதுகுக்குப் பின்னால் ஓர் ஊர் என்று நிற்கும்போது நம் மூளை என்ன செய்யும், என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதில்தான் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு.

நான் மட்டக்களப்புப் பறங்கி. போர்த்துக்கீசனும் ஒல்லாந்தனும் கப்பலேறியபோது கரையில் மிஞ்சிய கூட்டம். வெளி மாவட்டத்திலிருந்து வந்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன், இங்கே பெரிய வயல்வெளியை வட்டை என்பார்கள். அந்த வட்டைகளில் நான் கால் வைத்தாலே கேலி தொடங்கிவிடும். "சேர், உங்கட ஆக்கள்தானே ஆனையப் பிடிச்சுக் கப்பலேத்தி வித்தவங்க? இப்ப அரசாங்கம் உங்களையே காவலுக்கு வெச்சிரிக்கு!" நானும் சிரிப்பேன். ஆனால் உள்ளே கொஞ்சம் குத்தும்.

அந்தக் கேலிக்குப் பதில் தேடித்தான் யானையின் பழைய கதைகளைப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க ஆச்சரியம். போர்த்துக்கீசன் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதற்கு எத்தனையோ காலம் முன்பே நம் தீவின் யானை சண்டைக்குத் திறம் என்று பெயர் வாங்கிக் கலிங்கத்துக்குக் கப்பலேறியிருக்கிறது. தமிழ் மூவேந்தரிடமும் யானைப்படை இருந்தது. கோட்டைக் கதவை இடிக்க யானை, எதிரியின் குதிரைகளை மிரட்ட யானை, அரசன் உயரத்தில் இருந்து பார்க்க யானை. சண்டைக்கு முன் அதற்குக் கள் கொடுத்து வெறியேற்றியவர்களும் உண்டு. எதிர்ப்பக்கத்தானும் சும்மா இருக்கவில்லை. கோட்டைக் கதவு முழுக்க இரும்பு முள் அடித்தான். மதில் மேல் நின்று கொதிக்கும் குங்கிலியத்தை ஊற்றினான்.

ஆனால் எந்த நாட்டுக் கதையைப் படித்தாலும் ஓரிடத்தில் யானை திரும்பிவிடுகிறது. நெருப்பைக் கண்டோ வேல் பட்டோ அது வந்த வழியே ஓடும். வந்த வழியில் யார் நிற்கிறார்கள்? அதைக் கூட்டி வந்த படைதான். மேற்கே ஒரு படைத்தலைவன் இதை யோசித்துப் பாகர்களின் கையில் ஓர் உளியும் சுத்தியலும் கொடுத்து அனுப்பினானாம். யானை திரும்பினால் அதன் பிடரியில் உளியை வைத்து அறைந்து கொன்றுவிட வேண்டும். அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்னொரு படைத்தலைவன் வேறு மாதிரி. எதிரியின் யானைகள் வருகின்றன என்று தெரிந்ததும் தன் ஆட்களைச் சுவர் மாதிரி நிறுத்தாமல் நடுவே தெருத் தெருவாக இடைவெளி விட்டு நிறுத்தினான். யானைகளில் பல அந்த இடைவெளிக்குள் புகுந்து நேரே போய்விட்டன. இத்தனை போர்க்கதைகளிலும் யானையை விளங்கிக்கொண்ட ஆள் என்று நான் மதிப்பது அவனை மட்டும்தான்.

நம் வட்டைகளில் நடப்பதும் ஒரு யானைச் சண்டைதான். ஒவ்வொருவரும் தங்கள் வயல் வரம்பில் நின்று வெடி கொளுத்தி யானையை அடுத்தவன் வரம்புக்குத் தள்ளுவார்கள். அடுத்தவன் அதற்கடுத்தவன் வரம்புக்குத் தள்ளுவான். கடைசியில் நாலு பக்கமும் வெடி, நடுவில் யானை. அது என்ன செய்யும்? ஏதாவது ஒரு மனிதச் சுவரை உடைத்துக்கொண்டுதான் போகும். மறுநாள் நம் அலுவலகத்துக்கு வந்து "உங்கட ஆனை எங்கட ஆள அடிச்சுப் போட்டுது" என்று நம் சட்டையைப் பிடிப்பார்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். அது சுனாமியில் தொடங்குகிறது.

டச்பாரில் எங்கள் பறங்கிச் சனம் கடலோடு ஒட்டி வாழ்ந்தது. கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு மறுநாள் காலை, வீடுகளில் கேக்குத் துண்டுகள் மிச்சம் இருக்கும்போதே கடல் உள்ளே வந்தது. என் சித்தி வீட்டில் ஒருவரும் மிஞ்சவில்லை. அதைப் பற்றி இதற்குமேல் எழுதினால் இது வேறு கடிதமாகிவிடும். விட்டுவிடுகிறேன்.

அந்த வாரம் நான் ஒரு பள்ளிக்கூடத்தில் அகதிகளுக்குச் சோற்றுப் பார்சல் இறக்கிக்கொண்டு நின்றேன். என் சீருடையைப் பார்த்துவிட்டுக் கமராவோடு ஒருவர் வந்தார். "கடல் வருவது யானைகளுக்கு முன்கூட்டியே தெரிந்து மேட்டுக்கு ஓடினவாமே?" என்று கேட்டார். எங்கள் பக்கத்து யானைகள் வாவிக்கு மேற்கே காட்டில் நின்றவை, கடலைக் கண்ணாலும் கண்டிராது, எனக்குத் தெரியாது என்றேன். அவர் விடவில்லை. உங்கள் அனுபவத்தில் என்ன நினைக்கிறீர்கள், ஏதாவது ஒன்று சொல்லுங்கள் என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தெரியாது எண்டு சொன்னா விளங்காதா? தெரிஞ்சிருந்தா என்ட சித்திக்கு வந்து சொல்லியிரிக்கும்!" என்று கத்திவிட்டேன். பள்ளிக்கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் போய்விட்டார்.

கத்தியதற்கு நான் வருந்தவில்லை. யானையைப் பற்றித் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல நீங்களும் பழகிக்கொள்ளுங்கள். நம் தொழிலில் அதற்கே பாதித் துணிச்சல் வேண்டும்.

அவர் போன பிறகு சுவரோரம் இருந்த ஒரு பெண் என்னிடம் பேசினார். பெயர் பாக்கியம். நாவலடியைச் சேர்ந்தவர். நாவலடி என்பது ஒடுங்கிய மணல் துண்டு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மட்டக்களப்பு வாவி. கணவன், இரண்டு பிள்ளைகள், மூவரையும் கடல் கொண்டுபோய்விட்டது. அவர் அழவில்லை. கணக்குச் சொல்கிற குரலில் சொன்னார்.

"ஆனைக்குத் தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன சேர். அதுக்கு ஓடுறத்துக்குக் காடு இரிந்திச்சு. எங்களுக்கு முன்னால கடல், பின்னால வாவி. மூத்தவன, ஓடு மனே, ஓடு எண்டன். அவன் என்ட முகத்தப் பாத்து, எங்கயம்மா ஓடுற எண்டு கேட்டான். அதுக்கு நான் பதில் சொல்லல்ல சேர்."

மனே என்பது இங்கே பெற்றவர்கள் பிள்ளையைக் கூப்பிடும் சொல். அந்த ஒரு சொல்லை அவர் சொன்ன விதம் இன்றுவரை என் காதில் இருக்கிறது. நான் பார்சலை அவர் கையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பாக்கியத்தை மறுபடி கண்டது யுத்தம் முடிந்த பிறகு, வாவிக்கு அக்கரையில் வவுணதீவுக்கும் அப்பால், காட்டோரத்து வட்டை ஒன்றில். அந்த ஊர் அவருடைய அண்ணனின் ஊர். சுனாமிக்குப் பிறகு தங்கையைக் கூட்டிக்கொண்டு போனவர் அவர்தான். அவர் அங்கே வட்டை விதானை. வயல்களுக்குத் தண்ணீர் திறப்பது, வேலி, காவல் எல்லாம் பார்ப்பவர். கடலிலிருந்து தப்பிப் போன பாக்கியத்தை அங்கே சண்டை துரத்தியது. அண்ணனும் தங்கையும் ஊரோடு மறுபடி முகாமுக்குப் போனார்கள். சண்டை ஓய்ந்து வெகுகாலம் கழித்துத்தான் அந்த ஊருக்குத் திரும்ப விட்டார்கள். திரும்பி வந்து கூரைத் தகரம் போட்டு, பெரும்போகத்துக்கு விதைக்கத் தயாரான நேரத்தில் எங்கள் அலுவலகத்துக்கு ஆள் அனுப்பினார்கள். புதர் மண்டிய பற்றைக்காட்டுக்குள் ஒரு யானைக் கூட்டம் நிற்கிறது, வந்து துரத்துங்கள் என்று.

நானும் ரஹீமும் போனோம். ரஹீம் ஏறாவூர்க்காரன், எனக்கு உதவியாளன். யானை வெடி கொளுத்துவதில் கைதேர்ந்தவன். ஆனால் கை கொஞ்சம் துருதுருப்பு.

போய்ப் பார்த்தபோது நிலைமை இதுதான். ஊர் காலியாகக் கிடந்த காலத்தில் யானைகள் மேற்கே பெருங்காட்டிலிருந்து வந்து ஊரை ஒட்டிய பற்றைக்காட்டில் தங்கிவிட்டன. அவை வந்த பிறகு அவற்றுக்கும் பெருங்காட்டுக்கும் நடுவே சண்டைக்காரர்கள் மண் அணை கட்டி மிதிவெடி புதைத்திருக்கிறார்கள். அதனால் மேற்கே மிதிவெடி. வடக்கே இராணுவ முகாம், அதன் முட்கம்பி வேலி. தெற்கிலும் கிழக்கிலும் திரும்பி வந்த சனங்களின் குடிசைகளும் வயல்களும். மிதிவெடி அகற்றுகிறவர்கள் முதல் வேலையாக ஒரேயொரு பாதையைத் துப்புரவு செய்திருந்தார்கள். மேற்கே போகிற பழைய வண்டிப் பாதை அது. அதன் வாயில் ஒரு காவலரண், தடைக் கம்பம், விளக்கு.

அந்தப் பாதைக்கும் பற்றைக்காட்டுக்கும் இடையில் ஒரு வயல் இருந்தது. பாதையை ஒட்டியிருந்ததால் அதுவும் துப்புரவாகியிருந்தது. அந்த வட்டையிலேயே அந்த வருஷம் விதைத்திருந்த ஒரே வயல் அதுதான். முதல் மழைக்கு முளை பச்சையாகத் தலைகாட்டியிருந்தது. வரம்பில் நின்ற பெண் என்னைக் கண்டு, "சேர், என்னத் தெரியுதா?" என்று கேட்டார். பாக்கியம். அண்ணன் அந்த வயலைத் தங்கைக்கென்று கொடுத்திருந்தார். விதைநெல் நிவாரணமாக வந்தது. மறுபடி கொடுக்கமாட்டோம் என்று முதலிலேயே சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். கடலுக்குப் பிறகு அவருக்கென்று இருந்தது அந்தப் பச்சை ஒன்றுதான்.

நான் பகல் முழுக்கக் காலடி பார்த்துத் திரிந்தேன். ஒவ்வொரு மாலையும் கூட்டம் பற்றைக்காட்டை விட்டு வந்து பாக்கியத்தின் வயல் மூலையில் நின்றிருக்கிறது. வண்டிப் பாதையைப் பார்த்து நின்றிருக்கிறது. பிறகு திரும்பிப் போயிருக்கிறது. காவலரணின் விளக்கு, நாய்கள், ஊரார் கொளுத்தும் வெடி. வழி அதற்குத் தெரியும். நாம்தான் வழியில் நிற்கிறோம்.

அன்று பின்னேரம் கூரையில்லாத கூட்டுறவுச் சங்கக்கடைக் கட்டடத்தில் ஊர்க்கூட்டம். முகாமின் மேஜர் வந்திருந்தார். நிதானமான மனிதர், படித்தவர். தன் ஆட்கள் சிலர் அந்த மிதிவெடியில் கால் இழந்ததைப் பார்த்தவர். அவர் சிங்களத்தில் சொன்னார், நான் ஊராருக்குத் தமிழில் சொன்னேன். திட்டம் எளிமையானது. ஊராரும் இராணுவமும் கிழக்கே வரிசையாக நின்று வெடி கொளுத்தி யானைகளை நேரே மேற்கே துரத்துவது, மிதிவெடிக்கு மேலால். யானையும் போய்விடும், வெடியும் வெடித்துவிடும்.

"நம் அரசர்கள் செய்தது இதுதானே," என்றார் மேஜர். "கோட்டைக் கதவை உடைக்க யானையைத்தான் முன்னால் விட்டார்கள். மனித உயிர் மிச்சம்."

நான் ஊராரின் முகத்தைப் பார்த்தேன். ஒருவரும் எதிர்க்கவில்லை. வட்டை விதானை எழும்பி நின்றார்.

"சேர், குறையா நினைக்க வேணாம். மிதிவெடிய எடுத்து முடிக்க அடுத்த மாரி வரும் எண்டு சொல்றாங்க. இந்தப் போகமும் விட்டா எங்கட கதி என்ன? ஆனை செத்தாச் சாகட்டும். அத மிதிக்கிறத்துக்கு எங்கட புள்ளையளயா அனுப்புற?"

இதற்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? யானை நம் தேசியச் சொத்து என்று தொடங்கினால் செருப்படி விழும், விழ வேண்டியதும்தான். பிள்ளைகளைப் பசியிலும் வெடியிலும் பறிகொடுத்த சனத்திடம் யானைக்காகக் கெஞ்ச எனக்கு வாய் வரவில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் மேஜரின் பக்கம் திரும்பினேன்.

"நீங்கள் சொன்ன அந்தக் கோட்டைக் கதவுக் கதை எனக்கும் தெரியும். யானையின் முதுகில் கொதிக்கும் குங்கிலியம் ஊற்றினார்கள். அது என்ன செய்தது?"

மேஜருக்கும் அது தெரிந்திருந்தது. "ஓடிப்போய்க் குளத்தில் இறங்கியது."

"கதவுப் பக்கம் ஓடியதா, திரும்பி ஓடியதா?"

"திரும்பித்தான்," என்றார் அவர்.

"முதல் வெடியில் முன்னால் போகிற யானை விழும். மற்றவை நின்று பார்க்காது, திரும்பும். திரும்பினால் அங்கே நிற்பது உங்கள் ஆட்கள், அவர்களுக்குப் பின்னால் இந்தச் சனத்தின் தகரக் கொட்டில். அத்தோடு யானை செத்த நிலம் துப்புரவான நிலம் ஆகாது. மிதிவெடி எடுப்பவர்கள் முதலிலிருந்து தொடங்குவார்கள், நடுவில் ஒரு பிணத்தை வைத்துக்கொண்டு. என் முன்னோர் யானையைப் பிடித்து விற்றவர்கள், உங்கள் அரசர்கள் பிடித்துக் கொடுத்தவர்கள். யானை விஷயத்தில் நாம் இரண்டு பேரும் யோக்கியர்கள் இல்லை மேஜர். புதிதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டாம்."

அவர் சிரித்துவிட்டார். பிறகு, "சரி, வேறு என்ன வழி?" என்றார்.

நான் சொன்னேன். ஒரு மாலை. காவலரணைக் காலி செய்ய வேண்டும், தடைக் கம்பத்தையும் விளக்கையும் எடுக்க வேண்டும். ஊர் முழுக்க வாயை மூடிக்கொண்டு இந்தக் கட்டடத்துக்குள் இருக்க வேண்டும். உழவு மெசின் ஓடக் கூடாது, நாய்களைக் கட்ட வேண்டும், ஒரு வெடியும் கூடாது. யானைகள் தாங்களே வண்டிப் பாதையால் போய்விடும்.

மேஜரின் முகம் மாறியது. காவலரணை விட்டு ஆட்களை எடுப்பது அவருடைய வேலைக்கே உலை வைக்கும் காரியம். ஊராருக்குத் தமிழில் சொன்னபோது அங்கே வேறு விதமான சத்தம் எழும்பியது. துரத்தாமல் ஆனை போகுமா? இது என்ன விளையாட்டு? விதானை என் முகத்துக்கு நேரே வந்து கேட்டார்.

"சேர், பாதைக்குப் போறெண்டா அது என்ட தங்கச்சிட வயலுக்குள்ளால போகும். அந்த முளையெல்லாம் மிதிபட்டுப் போகும். அது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். அதைத்தான் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கடைசிக்கு வைத்திருந்தேன். ஒரு யானைக்கூட்டம் சேற்று வயலுக்குள் நடந்தால் என்ன மிஞ்சும் என்று நான் அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் பாக்கியத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கேட்க எனக்கு உரிமை இல்லை. என் உளி சுத்தியல் கதையும் இடைவெளி விட்ட படைத்தலைவனும் அந்த இடத்தில் ஒரு சதத்துக்கும் பெறவில்லை.

பாக்கியம் பின்வரிசையில் இருந்தார். எழும்பவில்லை. இருந்தபடியே கேட்டார்.

"சேர், அந்தப் பக்கம் மிதிவெடி. இந்தப் பக்கம் நாங்க வெடியோட. அப்பிடியெண்டா அதுகளுக்கு ஓடுறத்துக்கு இடமே இல்லயா?"

"இல்ல," என்றேன்.

"குட்டி இரிக்கா?"

"ஒண்டு இரிக்கு."

சங்கக்கடைக்குள் சத்தம் மெல்ல மெல்ல அடங்கியது. அவர் எங்கிருந்து வந்தவர் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"அண்ணே," என்றார் அவர், விதானையைப் பார்த்து. "என்ட வயலுக்குள்ளால விடுங்க."

விதானை தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் மேஜருக்கு அதைச் சிங்களத்தில் சொன்னேன். நாவலடி எங்கே இருக்கிறது, அங்கே என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "நாளை மாலை ஆட்களை எடுக்கிறேன்," என்றார். மேலே யாரிடமும் கேட்டாரா என்று நான் விசாரிக்கவில்லை.

மறுநாள் மாலை வெயில் தணியும்போது எல்லோரும் சங்கக்கடைக்குள் இருந்தோம். கட்டடத்தின் உடைந்த சுவரால் பாக்கியத்தின் வயல் முழுக்கத் தெரியும். காவலரண் வெறுமையாக இருந்தது. நானும் ரஹீமும் சுவருக்கு வெளியே நின்றோம், அவசரத்துக்கென்று வெடிப் பெட்டியோடு.

முதலில் கிழட்டுப் பெண்யானை ஒன்று வெளியே வந்தது. முன்னங்காலில் பழைய காயம், நொண்டி நொண்டி நடந்தது. அதற்குப் பின்னால் கூட்டம். வயல் மூலைக்கு வந்ததும் வழமைபோல நின்றது. விளக்கு இல்லை, நாய்ச் சத்தம் இல்லை. அதற்கு அது பிடிபடவில்லை. தும்பிக்கையைத் தூக்கி எங்கள் பக்கம் மணம் பிடித்தது. பிறகு காதை விரித்து எங்களை நோக்கி வேகமாகச் சில அடி வைத்தது.

சங்கக்கடைக்குள் ஒரு பெண் விம்முவது கேட்டது. ரஹீம் வெடியையும் தீப்பெட்டியையும் கையில் எடுத்துவிட்டான்.

"சேர், கொளுத்தட்டா?" அவன் தீக்குச்சியைப் பெட்டியோரம் வைத்துக்கொண்டான். "சேர், சொல்லுங்க சேர்!"

தம்பிமாரே, தங்கைமாரே, இந்த இடத்தில்தான் நீங்களும் ஒருநாள் நிற்பீர்கள். கொளுத்தினால் அது திரும்பும். ஆனால் எங்கே? கூட்டத்துக்குள், மிதிவெடிக்குள், அல்லது வெறிபிடித்து நமக்கு மேலால். கொளுத்தாமல் விட்டு அது வந்துவிட்டால் சுவருக்குள் இருக்கும் ஊரே போய்விடும், நான் ஆயுள் முழுக்கக் கொலைகாரன். எனக்குப் பயம் இல்லை என்று சொன்னால் பச்சைப் பொய். ஆனால் நான் அதன் வாலைப் பார்த்தேன், தும்பிக்கையைப் பார்த்தேன். வால் விறைத்திருக்கவில்லை, தும்பிக்கை சுருண்டிருக்கவில்லை, அது அடிக்க வரவில்லை. நீங்கள் இன்னும் அங்கேதான் நிற்கிறீர்களா என்று கேட்க வந்தது. அதற்குரிய பதில் வெடி இல்லை. நான் ரஹீமின் கையைப் பிடித்து, "பின்னால வா," என்றேன். இரண்டு பேரும் முகத்தைத் திருப்பாமல் மெதுவாகப் பின்னால் நடந்து சுவருக்குள் போய்விட்டோம்.

அது எங்கள் இடம் வெறுமையானதைப் பார்த்தது. காதை மடக்கியது. பிறகு திரும்பி வண்டிப் பாதையை நோக்கி நடந்தது. கூட்டம் முழுக்க அதன் பின்னால் பாக்கியத்தின் வயலுக்குள் இறங்கியது. முளைத்த பச்சை அவற்றின் காலுக்குக் கீழே ஒவ்வொரு அடியாகச் சேற்றுக்குள் போவதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விதானை தங்கையின் பக்கத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டார்.

கடைசியாக வந்தது குட்டி. வயலுக்கும் பாதைக்கும் நடுவில் ஒரு வாய்க்கால். பெரியவை தாண்டிவிட்டன. குட்டி சேற்றில் முன்கால் புதைந்து நின்றுவிட்டது. தாய் பாதையில் ஏறிவிட்டுத் திரும்பிப் பார்த்தது. கூட்டம் நின்றது. முன்னால் போன கிழட்டு யானையும் நின்றது. இனி அவை திரும்பி வந்தால் எல்லாம் வீண்.

பாக்கியம் எழும்பிச் சுவரின் உடைந்த இடத்துக்கு வந்தார். யாரும் தடுக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, வெளியே கேட்காத குரலில் சொன்னார்.

"போ மனே. போ. வழி இரிக்கு."

தாய் இறங்கி வந்து தும்பிக்கையால் குட்டியின் பின்பக்கம் ஒரு தள்ளுத் தள்ளியது. அது ஏறிவிட்டது. வெறும் காவலரணைத் தாண்டி, ஒன்றின் பின் ஒன்றாக, மேற்கே போய்விட்டன. அவை மறைந்த பிறகும் பாக்கியம் சுவரை விடவில்லை. சுனாமியிலிருந்து அன்றுவரை அவர் அழுது யாரும் பார்த்ததில்லை என்று விதானை பிறகு என்னிடம் சொன்னார். அன்று அழுதார். நானும் அழுதேன். மேஜர் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த வயலில் அந்தப் போகம் ஓரங்களில் மட்டும்தான் விளைந்தது. ஊரார் தங்கள் வீட்டுச் சாப்பாட்டில் பாக்கியத்துக்குப் பங்கு வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். மிதிவெடி அகற்றி முடிய, விதானை சொன்னதுபோலவே, அடுத்த மாரி வந்துவிட்டது. மேஜருக்கு இடமாற்றம் வந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஓய்வுபெற்ற பிறகும் அந்தப் பக்கம் போவேன். வட்டை முழுக்க இப்போது பச்சை. பாக்கியத்தின் வயலின் நடுவே மட்டும் பற்றைக்காட்டிலிருந்து வண்டிப் பாதை வரைக்கும் ஒரு துண்டு விதைக்காமல் கிடக்கும். நல்ல நிலம். முதல் தடவை பார்த்தபோது, விதைநெல் போதவில்லையோ என்று நினைத்து, ஏன் இதை விட்டுவிட்டீர்கள் என்று கேட்டேன்.

"அது பாதை சேர்," என்றார் பாக்கியம். "அதுகள் திரும்பி வந்தா?"